ஒளிக்கிற பயமும் கிட்ட வருகிற பயமும்: ஹீப்ரு வேதத்தில் இறையச்சம் பற்றிய ஒரு வாசிப்பு

01

எங்கள் ஓதப்பள்ளியில் குர்ஆன் வைக்கும் பலகைக்கு மேலே ஒரு பிரம்பு இருந்தது. "படைத்தவனுக்குப் பயப்படுங்க" என்று ஓதிக்கொடுத்தவர் சொல்லும் போதெல்லாம் எங்கள் கண்கள் அந்தப் பிரம்பின் மீதுதான் போய் விழும். அவர் கெட்ட மனிதரல்லர். எங்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ஓதிய தண்ணீரோடு வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனாலும் அல்லாஹ் என்ற பெயருடன் என் மனதில் முதன்முதலாக ஒட்டிக்கொண்ட பொருள் அந்தப் பிரம்பு. அது கழன்று விழ எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

அதே காலத்தில் வீட்டில் இன்னொரு பயத்தையும் கண்டேன். இடி முழங்கினால் என் மூத்தம்மா செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டு, திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். உதடுகள் மட்டும் அசையும். அந்த முகத்தைப் பார்த்தால் பயந்தவரின் முகமாகத் தெரியாது. பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார், இப்போது சும்மா கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது போன்ற ஒரு முகம் அது. "பயமா மூத்தம்மா?" என்று கேட்டால், "பயமில்லாம மகன்?" என்பார். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிரம்பின் முன்னால் எனக்கிருந்ததும் பயம், மூத்தம்மாவிடம் இருந்ததும் பயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாக எனக்கு எடுத்துக்காட்டிய பிரதி எது என்று கேட்டால், நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அது யூதர்களின் வேதம். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் ஹீப்ரு வேதம்.

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில் நண்பரொருவர், பழைய ஏற்பாட்டின் கடவுள் வெறும் பயங்கரத்தின் கடவுள், அதில் இடியும் நெருப்பும் தவிர வேறில்லை என்று போகிற போக்கில் சொன்னார். பலர் தலையசைத்தார்கள். நானும் சும்மா இருந்தேன். அந்த மௌனத்துக்கான பரிகாரமாகவே இதனை எழுதுகிறேன். இக்கருத்து எங்களுடையதுமல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்பவர் ஹீப்ரு வேதத்தின் கடவுள் வேறு, ஈஸா நபி அறிவித்த கடவுள் வேறு என்று வாதிட்டு, அக்காலத் திருச்சபையினாலேயே நிராகரிக்கப்பட்டார். அவர் விட்டுச்சென்ற வாசனை இன்றுவரை ஐரோப்பிய எழுத்தில் இருக்கிறது. தௌராத்தையும் ஸபூரையும் இறைவன் அருளியவை என்று ஈமான் கொண்ட நாங்கள் அந்த வாசனையை ஏன் சுமக்க வேண்டும்? இன்று கையிலிருக்கும் பிரதி குறித்த எமது நிலைப்பாடு வேறு விடயம். இங்கே நான் ஓர் இலக்கிய வாசகனாகவே பேசுகிறேன்.

02

ஹீப்ருவில் இறையச்சத்துக்குரிய பிரதான சொல் "யிர்ஆ". இச்சொல்லின் அடியிலிருந்து வரும் வினை வேதத்தில் முதன்முறையாகத் தோன்றும் இடம் ஆதம் நபியின் வாயில். தோட்டத்தில் இறைவனின் சத்தம் கேட்கிறது. நான் நிர்வாணியாக இருந்ததால் பயந்து ஒளித்துக்கொண்டேன் என்ற கருத்தில் அவர் பதில் சொல்கிறார். ஆக, மனித வரலாற்றின் முதற் பயம் ஒளிக்கிற பயம். மரங்களுக்குள் போய் மறைந்துகொள்ளும் பயம்.

இதனை யாத்திராகமத்தின் மூன்றாம் அத்தியாயத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மூஸா நபி ஆடு மேய்த்துக்கொண்டு போகிறார். எரிந்தும் கருகாத முட்செடியைக் காண்கிறார். பாதணிகளைக் கழற்றும்படி கட்டளை வருகிறது. ஸூறா தாஹாவில் துவா பள்ளத்தாக்கில் நிகழும் அதே காட்சி. ஹீப்ருப் பிரதி இங்கு ஒரு சிறு அசைவைச் சேர்க்கிறது. இறைவனைப் பார்க்கப் பயந்து மூஸா தன் முகத்தை மூடிக்கொள்கிறார்.

ஆதமும் மறைத்தார், மூஸாவும் மறைத்தார். ஆனால் ஆதம் தன்னை முழுவதுமாக மறைத்துக்கொண்டு விலகிப் போனார். மூஸா முகத்தை மட்டுமே மூடினார், கால்களை அசைக்கவில்லை. வெறுங்காலுடன் அதே இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு நடப்பது இன்னும் சுவாரசியமானது. முகத்தை மூடிய அதே மனிதர், என்னால் முடியாது, எனக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது அனுப்பு என்று இறைவனிடம் வாதாடத் தொடங்குகிறார். பிரம்புக்குப் பயந்தவன் வாதாடமாட்டான். இந்தப் பயம் வேறு. இது பேச்சை அடைக்காமல் திறந்துவிடுகிறது.

யஃகூப் நபி கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிக் கனாக் கண்டு எழும்பும் கட்டமும் அப்படித்தான். அவர் பயந்தார் என்று சொல்லும் பிரதி, அடுத்த மூச்சிலேயே அந்த இடத்தை "நோரா" என்று அவரைக்கொண்டு வியக்க வைக்கிறது. "யிர்ஆ"வும் "நோரா"வும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஒன்றைப் பயம் என்றும் மற்றையதைப் பிரமிப்பு என்றும் நாம் இரண்டாகப் பிரித்து மொழிபெயர்க்கலாம். ஹீப்ரு வாசகனின் காதில் அவை பிரியவில்லை.

03

ஹீப்ரு எழுத்தில் உயிர்க்குறிகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. எனவே பயத்தைக் குறிக்கும் வேரும் பார்வையைக் குறிக்கும் வேரும் சில வடிவங்களில் மிக நெருங்கி வந்துவிடுகின்றன. இந்நெருக்கத்தை வேதத்தின் கதைசொல்லி நன்றாக அறிந்திருக்கிறார்.

கடலைக் கடக்கும் கட்டத்தைப் பாருங்கள். பிர்அவ்னின் படை பின்னால் வருவதைக் கண்டு மக்கள் பெரிதும் பயப்படுகிறார்கள். பயப்படாதீர்கள் என்கிறார் மூஸா. கடல் பிளந்து மூடுகிறது. அத்தியாயம் முடியும்போது மக்கள் கண்டார்கள், பயந்தார்கள், நம்பினார்கள் என்ற மூன்று வினைகள் வரிசையாக வருகின்றன. "வய்யர்" என்றால் கண்டார்கள். "வய்யீர்ஊ" என்றால் பயந்தார்கள். இரண்டு ஓசைக்கும் இடையில் ஒரு முடிச்சுத்தான் தூரம். பயம் இல்லாமற் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் பிர்அவ்னுக்குரியதாக இருந்த பயம் முடிவில் இறைவனுக்குரியதாக இடம் மாறியிருக்கிறது. விடுதலை என்பதன் பொருள் அந்த இடமாற்றம்தான் என்று பிரதி சொல்லாமற் சொல்கிறது.

சினாய் மலையடிவாரத்தில் இது உச்சத்தை அடைகிறது. இடி, மின்னல், எக்காள ஓசை, புகை. மக்கள் நடுங்கித் தூர விலகி நிற்கிறார்கள். அப்போது மூஸா சொல்வதன் சாரம் இது: பயப்படாதீர்கள், அவனுடைய பயம் உங்கள் முகத்தின் முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவன் வந்திருக்கிறான். ஒரே கூற்றில், ஒரே வேரிலிருந்து, பயப்படாதே என்றும் பயப்படு என்றும் வருகின்றது. அவசரமான வாசகனுக்கு இது முரண்பாடு. எனக்கோ முழு வேதத்திலும் இறையச்சத்துக்குத் தரப்பட்ட மிகச் சிறந்த வரைவிலக்கணம் இதுவாகத் தோன்றுகிறது. அடுத்த வரி இதனைக் காட்சியாகவே வரைந்துவிடுகிறது. மக்கள் தூரத்தில் நின்றார்கள். மூஸாவோ இறைவன் இருந்த அந்தக் காரிருளை நோக்கி நெருங்கினார். விலக்கி வைக்கும் பயத்தை விட்டுவிடுங்கள், நெருங்க வைக்கும் பயத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அக்கூற்று.

04

இறையச்சம் என்பது உள்ளத்தில் எழும் ஓர் உணர்ச்சி மட்டும்தானா? இக்கேள்விக்கு யாத்திராகமத்தின் முதலாம் அத்தியாயம் அருமையான ஒரு விடையை வைத்திருக்கிறது. ஹீப்ருப் பெண்களுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடுமாறு எகிப்தின் அரசன் மருத்துவிச்சிகள் இருவருக்குக் கட்டளையிடுகிறான். ஷிஃப்ரா, பூஆ என்ற அவர்களின் பெயர்களைப் பிரதி பதிவு செய்கிறது. அரசனின் பெயரைச் சொல்லவில்லை. இருவரும் இறைவனுக்குப் பயந்து, அரசன் சொன்னதைச் செய்யாமல் விடுகிறார்கள். மூலத்தில் இவர்களைக் குறிக்கும் தொடர் இரட்டைப் பொருளுடையது. ஹீப்ரு இனத்து மருத்துவிச்சிகள் என்றும் வாசிக்கலாம், ஹீப்ருப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்த எகிப்தியர் என்றும் வாசிக்கலாம். இடியும் இல்லை, எரியும் செடியும் இல்லை. இரண்டு பெண்களும் பிறந்த பிள்ளைகளும் மட்டுமே. இறையச்சம் அங்கே செய்த வேலை, ஓர் அரசனுக்குப் பயப்படாமல் இருக்க வைத்தது.

துப்பாக்கி தூக்கியவர்களுக்குப் பயந்து இருட்டினால் விளக்கணைத்துப் படுத்த காலமொன்று எங்களுக்கு இருந்தது. அப்போது யாரெல்லாம் யாருக்கெல்லாம் பயந்து எதையெல்லாம் செய்தார்கள், எதைச் செய்ய மறுத்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த மருத்துவிச்சிகளின் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

லேவியராகமம் இதனைச் சட்டமாக ஆக்குகிறது. சடங்குகளின் பட்டியல் என்று பலர் புரட்டிவிட்டுப் போகும் நூல் அது. செவிடனைச் சபிக்காதே, குருடன் முன்னால் தடைக்கல்லை வைக்காதே என்ற கட்டளைகளின் முடிவில், உன் இறைவனுக்குப் பயப்படு என்று வருகிறது. நரைத்தவர் முன் எழுந்து நில் என்பதன் முடிவிலும் அது வருகிறது. வறுமையினால் உன்னிடம் வந்து சேர்ந்தவனைக் கொடூரமாக நடத்தாதே என்பதன் முடிவிலும் வருகிறது. ஏன் இந்த இடங்களில் மட்டும்? செவிடனுக்குத் தன்னைச் சபித்தது கேட்கப்போவதில்லை. குருடனுக்குக் கல்லை வைத்தவன் யாரென்று தெரியப்போவதில்லை. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி என்ற பிரான்சிய யூத உரையாசிரியர், மனிதருக்குத் தெரியாமல் உள்ளத்தில் மறைந்துகிடக்கும் நோக்கங்கள் உள்ள இடங்களில்தான் இத்தொடர் சேர்க்கப்படுகிறது என்று விளக்கினார். சாட்சி இல்லாத இடத்தில் சாட்சியாக நிற்பவனை உணர்வதே "யிர்ஆ".

05

ஹீப்ரு வேதத்தில் பயத்தைப் பற்றிய மிக நுட்பமான சிறுகதை யூனுஸ் நபியின் சிறுநூல். கப்பல் புயலில் சிக்குகிறது. மாலுமிகள் பயப்படுகிறார்கள். ஆளாளுக்குத் தங்கள் தெய்வங்களைக் கூப்பிடுகிறார்கள். நீ யார் என்று யூனுஸிடம் கேட்கும்போது, கடலையும் தரையையும் படைத்த இறைவனுக்குப் பயப்படுகிறவன் நான் என்கிறார். எந்த இறைவனிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருக்கிறாரோ, அவனுக்கே பயப்படுவதாகச் சொல்கிறார். அதைக் கேட்டதும் மாலுமிகளின் பயம் "பெரும் பயம்" ஆகிறது. கடல் அடங்கிய பின்னரும் அதே தொடர் மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை அந்தப் பெரும் பயம் இறைவனுக்குரியது என்று பெயர் குறிக்கப்படுகிறது.

புயல் அடித்தபோது பயந்தது இயல்பு. புயல் நின்ற பிறகு ஏன் பயம்? ஆபத்து நீங்கிய பின்பும் மிஞ்சியிருப்பதே இறையச்சம் என்பதால். ஆபத்தோடு வந்து ஆபத்தோடு போவது உயிர்ப்பயம். அதுவுமல்லாமல், இறைவனுக்குப் பயப்படுவதாக வாயாற் சொன்னவரைவிட, இறைவனின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்ட அந்நியர்கள் அந்தப் பயத்தை முழுமையாகச் செய்து காட்டுகிறார்கள். யூதர்கள் தங்கள் ஆண்டின் மிகப் புனிதமான பாவப்பரிகார நாளில், பிற்பகல் வணக்கத்தில் ஓதுவதற்கென இந்நூலைத் தெரிவு செய்திருக்கிறார்கள். அந்நாளில் முடிவடையும் பத்து நாட்களுக்கு "நோரா" நாட்கள் என்று பெயர். தங்களை விமர்சிக்கும் ஒரு கதையைத் தங்கள் அச்சத்தின் உச்ச நாளில் ஓதும் ஒரு சமூகத்திடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்கது உண்டு.

06

இவ்விடயத்தில் ஐரோப்பாவில் அதிகம் பேசப்பட்ட நூல் ஜேர்மனியரான ருடோல்ப் ஓட்டோ 1917இல் வெளியிட்டது. 1911இல் மொரோக்கோவில் ஓர் எளிய யூத ஆலயத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் தரிசனத்திலுள்ள மும்முறைத் தூய்மைப் புகழ்ச்சி ஓதப்படுவதைக் கேட்ட அனுபவம் அவரை ஆழமாகத் தாக்கியது. புனிதம் என்பது நடுங்கவும் வைக்கும், ஈர்க்கவும் செய்யும் ஒரு மர்மம் என்றார் அவர். நடுக்கத்தையும் ஈர்ப்பையும் சேர்த்துக் கண்டது அவரின் பெரும் பங்களிப்பு. ஆனால் அந்நூலை வாசித்து முடிக்கையில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. இறையச்சத்தின் வேரை அவர் அறத்துக்கு முந்திய ஓர் உணர்வில் தேடுகிறார். ஷிஃப்ராவும் பூஆவும் அந்தத் தேடலின் மையத்துக்கு வருவதில்லை. மலையில் நடுங்குகிறவனை விளக்க முடிந்த ஒரு கோட்பாடு, குருடன் முன்னால் கல்லை வைக்காமல் விடுகிறவனை விளக்காவிட்டால் ஹீப்ரு வேதத்தின் பாதி வெளியே நின்றுவிடுகிறது.

ஏசாயாவின் காட்சியே இதற்குச் சான்று. உஸ்ஸியா அரசன் இறந்த ஆண்டில் அவர் அந்தத் தரிசனத்தைக் காண்கிறார். ஆறு சிறகுகளுள்ள வானவர்கள் இரண்டு சிறகுகளால் முகத்தையும் இரண்டால் கால்களையும் மூடிக்கொண்டு, மிகுதி இரண்டால் மட்டுமே பறக்கிறார்கள். வாசல் நிலைகள் அதிர்கின்றன. ஏசாயா பதறுகிறார். ஆனால் எதற்காக? நான் சிறியவன் என்பதற்காக அல்ல, என் உதடுகள் அசுத்தமானவை, அசுத்த உதடுகளுள்ள மக்கள் நடுவில் வாழ்கிறேன் என்பதற்காக. நெருப்புத் தணலொன்று அவர் உதட்டைத் தொடுகிறது. உடனே, யாரை அனுப்புவேன் என்ற கேள்விக்கு, இதோ நான் என்கிறார். பயம் அவரைப் பேச்சைப் பற்றிக் கவலைப்பட வைத்தது, பின்பு பேசவும் அனுப்பியது. எழுதுகிறவர்களாகிய எங்களுக்கு இதைவிட நெருக்கமான காட்சி உண்டா?

ஓட்டோவுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சமநிலையைக் கண்டவர் மூஸா இப்னு மைமூன். குர்துபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் மறைந்த இந்த யூத அறிஞர் தனது தத்துவ நூலை அரபியிலேயே எழுதியவர். இறைவனை நேசிக்கவும் அவனுக்கு அஞ்சவும் வழி எது என்று தன் சட்டத்தொகுப்பில் கேட்டு, அவனுடைய படைப்புகளை உற்றுப் பார்ப்பது என்கிறார். பார்க்கிறவன் முதலில் காதலால் நிறைந்து அவனை அறிய ஏங்குகிறான். அதே பார்வையின் தொடர்ச்சியில் தன் சிறுமையை உணர்ந்து பின்வாங்கி அஞ்சுகிறான். ஒரே பார்வையின் இரண்டு அசைவுகள்.

இங்குதான் எங்கள் வேதத்தோடு ஓர் அழகான குறுக்குச் சந்திப்பு நிகழ்கிறது. ஹீப்ரு நீதிமொழிகளில் "யிர்ஆ" அறிவின் தொடக்கம். குர்ஆனின் ஃபாதிர் அத்தியாயத்திலோ இறைவனுக்கு அஞ்சுபவர்கள் அவனுடைய அடியார்களில் அறிவுடையோர். அங்கே அச்சத்திலிருந்து அறிவு, இங்கே அறிவிலிருந்து அச்சம். அந்த அச்சத்துக்குக் குர்ஆன் பயன்படுத்தும் சொல் "கஷ்யத்". "கவ்ஃப்" வேறு, "கஷ்யத்" வேறு, "தக்வா" வேறு என்று எங்கள் முன்னோர் நுணுக்கமாகப் பிரித்தார்கள். காத்துக்கொள்ளல் என்ற வேரிலிருந்து வரும் தக்வாவையும் நாம் தமிழில் பயமாகவே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

07

எளிதில் விளங்காத இடங்களை மறைத்துவிட்டுப் பேசுவது விமர்சனமாகாது. தாவூத் நபி உடன்படிக்கைப் பேழையை ஊருக்குள் கொண்டுவரும் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். அல்பகரா அத்தியாயத்தில் ஸகீனத் என்ற அமைதியைத் தன்னுள் கொண்டதாக வரும் அதே தாபூத். வழியில் மாடுகள் இடறுகின்றன. ஊஸா என்பவன் பேழை விழாமல் கையால் பிடிக்கிறான். அவ்விடத்திலேயே இறந்துபோகிறான்.

இதற்கு ஆயிரம் விளக்கங்கள் சொல்லப்பட்டுள்ளன. எதுவும் என்னைத் திருப்திப்படுத்தியதில்லை. பிரதியும் என்னைத் திருப்திப்படுத்த முயலவில்லை. தாவூத் முதலில் கோபம் கொள்கிறார். பிறகுதான் பயப்படுகிறார். பேழை எப்படி என்னிடம் வரும் என்று கலங்கி, அதைக் காத் ஊரைச் சேர்ந்தவன் எனச் சொல்லப்படும் ஓபேத் ஏதோம் என்பவனின் வீட்டில் விட்டுவிடுகிறார். மூன்று மாதம் அங்கே இருக்கிறது. அந்த வீடு பறக்கத் பெறுகிறது. அதன் பின்னர்தான் தாவூத் மீண்டும் போய் ஆடிப்பாடி அதனைக் கொண்டுவருகிறார். ஒரு மனிதனைக் கொன்ற பேழையும் ஒரு வீட்டை வாழவைத்த பேழையும் ஒன்றே. இந்த முடிச்சைக் கதைசொல்லி அவிழ்க்கவில்லை. தாவூதின் கோபத்தை வெட்டி எறியவுமில்லை. இறையச்சத்துக்குள் கோபத்துக்கும் இடமுண்டு என்பதை அந்த நேர்மையிலிருந்து கற்றேன்.

அதேநேரம் இல்யாஸ் நபியின் கதை எதிர்த்திசையில் போகிறது. ஹோரேப் மலையில் பெருங்காற்று வீசுகிறது, அதில் இறைவன் இல்லை. நிலநடுக்கம், அதிலும் இல்லை. நெருப்பு, அதிலும் இல்லை. கடைசியில் மெல்லிய மௌனத்தின் ஓசை. இல்யாஸ் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வருவது அப்போதுதான். இடியும் நெருப்பும் தவிர வேறில்லை என்று சொன்ன நண்பருக்கு என் விடை இந்த ஒரு காட்சியே போதும்.

08

என்னிடமுள்ள வேதப்புத்தகத்தைத் தந்தவர் என்னுடன் படிப்பித்த மட்டக்களப்புக் கிறிஸ்தவ ஆசிரியர். "சேர், யூனுஸ் நபியிலிருந்து தொடங்குங்க, சின்னப் புத்தகம்" என்று சொல்லித் தந்தார். தமிழில் வேதத்தை மொழிபெயர்த்த நீண்ட வரிசையில், யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்ற முயற்சியும் உண்டு என்பதை அவர்தான் எனக்கு முதலில் சொன்னார். ஒரு சைவரின் தமிழ் கிறிஸ்தவரின் வேதத்துக்கு உதவியது. ஒரு முஸ்லிம் அதன் பிற்கால வாரிசொன்றை வாசிக்கிறேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயம் உட்பட தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் இறைவனின் பெயரைச் சொன்னவர்கள். அதற்குப் பின்னர் பல வாரங்கள் நானும் அவரும் கதைக்கவில்லை. அவருக்கு என் மீது கோபம் என்று நான் நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்பதைக் கேட்க எனக்குத் தைரியமிருக்கவில்லை.

அந்த வாரங்களில் உபாகமத்தில் ஓரிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அமாலேக்கியர் செய்த குற்றம் என்ன? களைத்துப்போய்ப் பின்னால் வந்துகொண்டிருந்த பலவீனர்களைத் தாக்கினார்கள். இதனைச் சொல்லிவிட்டு, அவர்கள் இறைவனுக்குப் பயப்படவில்லை என்று பிரதி முடிக்கிறது. எதிர்த்து நிற்க வழியில்லாதவனைத் தாக்குகிறவன் வாயில் எந்தப் பெயர் இருந்தாலும், அவனிடம் இறையச்சம் இல்லை என்பதே அளவுகோல். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களையும் கொன்றவர்களை அளக்க எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

ஆனால் இன்னோர் இடம் அளவுகோலை என் பக்கமே திருப்பியது. ஆதியாகமத்தின் 20ஆம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி கேரார் என்ற அந்நிய ஊருக்குப் போகிறார். அக்கதையின் சில அம்சங்கள் நபிமார் பற்றிய எமது நம்பிக்கைக்கு ஒத்தவையல்ல. ஆயினும் அதில் வரும் ஓர் எண்ணம் என்னைக் குத்தியது. இந்த இடத்தில் இறையச்சம் இருக்காது, இவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டதாகக் கதை சொல்கிறது. அதற்குச் சற்று முன்னர்தான், அவ்வூர் அரசன் விடியற்காலையில் தன் ஆட்களை அழைத்து நடந்ததைச் சொன்னதும் அவர்கள் மிகவும் பயந்தார்கள் என்று அதே வேரில் அதே கதைசொல்லி எழுதியிருக்கிறார். அடுத்தவனின் ஊரில் இறையச்சம் இல்லை என்று நினைத்தது பிழையாகிப் போனது.

அடுத்த நாளே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "சேர், நானும் எடுக்கத்தான் நினைச்சன், நீங்க என்ன நினைப்பீங்களோ எண்டு பயமா இருந்திச்சு" என்றார். இருவருமே மரங்களுக்குள் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எங்கள் இலக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். இறையச்சம் எங்கள் கவிதைகளிலும் கதைகளிலும் பெரும்பாலும் இரண்டு விதமாகவே வருகிறது. ஒன்று, கப்றின் வேதனையைக் காட்டி மிரட்டும் பிரசங்கம். மற்றது, அந்த மிரட்டலைக் கேலி செய்யும் எழுத்து. இரண்டும் பிரம்பைத்தான் பார்க்கின்றன. முன்னது அதைத் தூக்கிப் பிடிக்கிறது, பின்னது அதை முறிக்கப் பார்க்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த மூத்தம்மாவை யாரும் எழுதவில்லை. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடைமையின் அதிகாரத்தில் வைத்த வள்ளுவரின் மொழியில் அதற்கு இடமில்லாமற் போகாது. பயபக்தி என்ற இரட்டைச் சொல்லை எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் தக்வாவுக்காகக் கையாண்டபோது, இந்த இடைவெளியை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு சொல் போதாதென்று இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். மிகுதியைச் செய்ய வேண்டியது அகராதி அல்ல, எழுதுகிறவர்கள்.

இப்போதும் இடி முழங்கினால் நான் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். பிரம்பு ஞாபகத்துக்கு வருவதில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வருகிறது. ஆனால் இரண்டாவதாகத்தான் வருகிறது.